ஒரு பவுண்ட் ஐம்பது சென்ட்

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் 2023 கோடையில் சுமார் 4 கோடி சாக்கை சால்மன்கள் பிடிபட்டன. அவற்றில் ஒன்றின் கதை இது. அதற்குப் பெயரில்லை, எண்ணில்லை. அந்த இனத்துக்கே பொதுவான வாழ்க்கையை ஒரே மீனின் மேல் ஏற்றிச் சொல்கிறேன், அவ்வளவுதான். பெட்டை மீன். எடை ஐந்து பவுண்ட், அதாவது இரண்டேகால் கிலோ. நம்மூர்க் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிற காலா மீனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது ஓடையில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, கடலில் கொழுத்து, பிறந்த ஓடைக்கே சாகத் திரும்பும் மீன்.

பிரிஸ்டல் விரிகுடா தென்மேற்கு அலாஸ்காவில், பெரிங் கடலின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. உலகில் சாக்கை சால்மன் மிக அதிகமாக வந்து சேரும் இடம் இதுதான். நஷகாக், க்விஜாக், நாக்னெக், எகேகிக், உகாஷிக் என்று வரிசையாக ஆறுகள் வந்து விழுகின்றன. பெரும்பாலான ஆறுகளின் தலைமாட்டில் ஏரிகள் உண்டு. மற்ற சால்மன் இனங்கள் ஏரி இல்லாமலும் சமாளித்துக்கொள்ளும்; சாக்கையின் குஞ்சுக்குப் பொதுவாக ஏரிதான் தாய்வீடு.

நம் மீனுக்கு வாய்த்தது இலியாம்னா. 2,600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, அலாஸ்காவிலேயே பெரிய ஏரி. 2018 ஆகஸ்ட் கடைசியில், அந்த ஏரியில் வந்து சேரும் ஓர் ஓடையில், இதன் தாய் வாலால் அடித்துக் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்தது. மூவாயிரம், நாலாயிரம் முட்டைகளைக் குழி குழியாக இட்டது. ஆண் மீன் விந்தைப் பீய்ச்சியதும் மேலே கல்லைத் தள்ளி மூடியது. ஆற்றுக்குள் நுழைந்த நாளிலிருந்து அது எதையும் தின்றிருக்கவில்லை. கடலில் சேர்த்த கொழுப்பு முழுவதும் முட்டையாகவும் நீச்சலாகவும் தீர்ந்துபோயிருந்தது. சில நாட்களில் செத்தது. அந்த உடல் ஓடையிலேயே அழுகி, குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உரமானது.

நடுக்குளிர்காலத்தில், பனிக்கட்டிக்கு அடியில், கல்லிடுக்கில் முட்டை பொரிந்தது. வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பையில் இருந்ததைக் கொண்டே குஞ்சு வசந்தம்வரை ஓட்டியது. பிறகு ஏரிக்கு வந்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிதவை உயிர்களைத் தின்று இரண்டு குளிர்காலங்களைக் கழித்தது. 2021 மே மாதம் ஏரியின் பனி உடைந்தபோது விரல் நீளம் இருந்தது. உடம்பு வெள்ளி நிறத்துக்கு மாறி, உப்புநீருக்குத் தயாராகி, க்விஜாக் ஆறு வழியே கடலுக்கு இறங்கியது. கூடப் பிறந்த ஆயிரக்கணக்கில் பெரும்பாலானவை அதற்குள் ட்ரௌட் மீனுக்கும் பறவைக்கும் இரையாகியிருந்தன.

அடுத்த இரண்டு ஆண்டுகள் வட பசிபிக்கில் கழிந்தன. கிரில், சிறு கணவாய், இன்னும் பொடிப் பொடி ஓட்டுயிர்கள்தான் சாப்பாடு. அவற்றிலுள்ள அஸ்டசாந்தின் என்ற நிறமிதான் சாக்கையின் சதையை அப்படிச் சிவக்க வைக்கிறது. பண்ணை சால்மனுக்கு இதே நிறமியைத் தீவனத்தில் கலந்து ஊட்டவேண்டியிருக்கிறது. ஐந்து பவுண்ட் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கடல் போட்ட சோறு. யாரும் தீவனம் போடவில்லை, யாரும் வேலி கட்டவில்லை. இந்தத் தொழிலின் முழு லாபமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2023 ஜூனில் அது வீட்டுப்பக்கம் திரும்பியது. நடுக்கடலில் பூமியின் காந்தப்புலம் திசை காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கரையை நெருங்கியதும் மூக்கு பொறுப்பேற்கிறது. பிறந்த நீரின் வாசனையைச் சால்மன் நினைவில் வைத்திருக்கிறது என்பதை விஸ்கான்சினைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லர் 1950களில் முன்வைத்தார், அது நிலைத்துவிட்டது.

வருகிற மீனுக்கு முன்பே செய்தி வந்துவிடும். அலாஸ்கா தீபகற்பத்தில் போர்ட் மோலர் என்ற இடத்துக்கு அப்பால், ஒவ்வொரு ஜூனிலும் சோதனைப் படகு குறிப்பிட்ட புள்ளிகளில் வலை போடுகிறது. எத்தனை மீன் விழுந்தது, மரபணுப்படி எந்த ஆற்று மீன் என்று கணக்கெடுக்கிறது. அந்த இடத்தைக் கடந்த கூட்டம் விரிகுடாவின் உள்ளே வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரமாகும். அந்த ஒரு வாரமும் கரையில் எல்லோருக்கும் அந்த எண்களே பேச்சு.

ஆனால் வலையைப் போடலாமா கூடாதா என்று முடிவு செய்வது வேறொரு எண். க்விஜாக் ஆற்றின் மேல்முனையில், இகியூகிக் கிராமத்துப் பக்கம், இரு கரையிலும் கோபுரம் நிற்கும். அதில் ஏறிய ஊழியர் மணிக்குப் பத்து நிமிடம் கீழே தெளிந்த நீரைப் பார்த்து, மேலேறும் மீனைக் கையில் உள்ள எண்ணும் கருவியில் தட்டித் தட்டிக் குறித்துக்கொள்வார். அதை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்துக் கணக்கு. இரவிலும் விளக்குப் போட்டு எண்ணுகிறார்கள். பிரிஸ்டல் விரிகுடாவின் பெரும்பாலான ஆறுகளில் 1950களிலிருந்து இதே முறைதான். க்விஜாக் ஆற்றில் முட்டையிடக் குறைந்தது 20 லட்சம் மீன் மேலே போயிருக்க வேண்டும். கூடுதல் வரம்பு 1 கோடி. பக்கத்து நாக்னெக் ஆற்றுக்கு 8 லட்சம் முதல் 20 லட்சம். கோபுரத்துக் கணக்கு பின்தங்கினால் மாநிலத்தின் மீன்வளத் துறை முகத்துவாரத்தை மூடிவிடும். முந்தினால் திறந்துவிடும். திறப்பதும் மூடுவதும் வானொலியில் அறிவிப்பாக வரும். சில சமயம் சில மணி நேர அவகாசம்தான் கிடைக்கும்.

இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. யூபிக், டெனைனா, அலூட்டிக் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மீனை உலர்த்தியும் புகையிட்டும் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தார்கள். இன்றும் வைக்கிறார்கள். 1884இல் நஷகாக்கில், மீனை டப்பாவில் அடைக்கும் முதல் ஆலை வந்தது. அதன் பிறகு ஆலைகளே ஊரையும் கரையையும் ஆண்டன. 1919 கோடையில் விஷக்காய்ச்சல் கிராமங்களைச் சூறையாடியபோது, செத்தவர்களைப் புதைத்ததும் அநாதைக் குழந்தைகளைச் சேர்த்ததும்கூடப் பல இடங்களில் ஆலை ஆட்கள்தான். 1951 வரை மோட்டார் படகில் மீன்பிடிக்கத் தடை இருந்தது, பாய்மரத்தில்தான் போனார்கள். 1973இல் விரிகுடா முழுவதுக்கும் சாக்கை மீன்பாடு 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டு மாநிலம் சட்டம் போட்டது: இனி அனுமதிச் சீட்டு இருப்பவர் மட்டுமே பிடிக்கலாம், சீட்டு தனிமனிதர் பெயரில்தான் இருக்கலாம், கம்பெனி பெயரில் கூடாது. 1975இலிருந்து அது நடைமுறை.

சீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 32 அடிக்கு மிகாத படகில் வலையை மிதக்கவிட்டுப் பிடிப்பது. வலை 150 பாகம் வரை இருக்கலாம். மற்றது, கரையோரம் ஒரே இடத்தில் நங்கூரமிட்டு நிறுத்தும் செவுள்வலை. 50 பாகம், அதாவது 300 அடிதான். அதை அங்கே செட்நெட் என்கிறார்கள். இந்த வகைச் சீட்டு ஏறக்குறைய ஆயிரம் உண்டு. நாக்னெக்-க்விஜாக் பகுதியில் மீன்பாட்டில் 84 சதவீதம் படகுக்காரர்களுக்கு, 16 சதவீதம் கரைக்காரர்களுக்கு என்று விதியே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. படகுக்காரர் மீனைத் தேடிப் போவார். கரைக்காரருக்கு அந்த வசதி இல்லை. மீன் தன் இடத்துக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வலையின் இடத்தை மாநிலத்திடம் குத்தகைக்கு எடுத்துப் பெயரும் எண்ணும் எழுதிய பலகை நட்டு, தாத்தா காலத்திலிருந்து அதே சேற்றில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. பெண்கள் சீட்டு எடுத்துத் தாங்களே ஆள் வைத்து நடத்தும் இடங்களும் நிறைய.

நம் மீன் சிக்கியது க்விஜாக் முகத்துவாரத்தில், கிரேவ்யார்ட் பாயிண்ட் பக்கம். கைவிடப்பட்ட பழைய டப்பா ஆலை ஒன்று இருந்த இடம் அது. சாலையில்லை, குழாய்த் தண்ணீரில்லை. கோடையில் ஆறு வாரம் மட்டும் பழைய ஆலைக் கட்டடங்களிலும் பலகைக் குடிசைகளிலும் அடுப்பு புகையும்.

இங்கே கடல் 20 அடிக்கு மேல் ஏறி இறங்கும். வற்றத்தில் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். ஏற்றத்தில் அதே இடத்தில் படகு போகும். வலை கரைக்குக் குறுக்காக, கடலை நோக்கி நீண்டு நிற்கும். மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயம். பல இழை முறுக்கிய நைலான் நூல். இழுத்துப் பிடித்தால் கண்ணி சுமார் ஐந்து அங்குலம். தலை நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கினால் நூல் செவுள் மூடிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கலங்கல் நீரில் மீனுக்கு வலை தெரிவதில்லை. கரையையொட்டி நீந்தினால் எதிர்நீரோட்டம் குறைவு என்பதால் சாக்கை கூட்டமாகக் கரையை ஒட்டியே வரும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் செட்நெட் என்ற தொழிலே இருக்கிறது.

ஜூலை முதல் வாரத்தில் ஓர் ஏற்றம். வெள்ளை மிதவைகள் ஒவ்வொன்றாகத் துள்ளின. அவை துள்ளும் இடத்தில் மீன் மோதுகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் வலையின் நடுப்பகுதி மிதவைகள் பாரத்தில் தண்ணீருக்குள் போயின. தட்டையான திறந்த அலுமினியப் படகு. அதை வலைக்கு அடியில் செலுத்தி, மேல்கயிறும் கீழ்க்கயிறும் படகின் குறுக்கே கிடக்கும்படி தூக்கிப் போட்டுக்கொண்டு, கையால் கயிற்றை இழுத்து இழுத்து வலையோரமாகவே நகர்கிறார்கள். ஒவ்வொரு மீனாகக் கழற்ற வேண்டும். கையில் ஒரு கட்டைப்பிடி, அதன் முனையில் வளைந்த கம்பி. தலைமுடிச் சிக்கெடுப்பதுபோல முதலில் எந்த நூல் கடைசியாக மாட்டியது என்று பார்க்கவேண்டும். அந்த நூலைக் கம்பியால் செவுள் மூடிக்கு மேலாக இழுத்துத் தலைவழியே விட்டால் மீன் நழுவி விழும். தப்பான நூலை இழுத்தால் இன்னும் இறுகும். கழுத்தைத் தாண்டி உள்ளே போய்விட்ட மீனைப் பின்னால் இழுக்கக்கூடாது. முன்பக்கமாகத்தான் உருவ வேண்டும். தேர்ந்த கைக்கு ஒரு மீனுக்குச் சில நொடிகள். புதுக் கைக்கு அதுவே நிமிடக்கணக்கு. அதற்குள் அடுத்த பத்து மீன் விழுந்திருக்கும்.

நம் மீன் கழன்றதும் ஒருத்தி விரலை விட்டுச் செவுளைக் கிழித்துவிட்டாள். ரத்தம் வடிந்தால்தான் சதை கறுக்காது. வாலைப் பிடித்து எறியக்கூடாது. எறிந்தால் முதுகெலும்போரம் ரத்தம் கட்டி ஃபில்லெட்டில் கறையாகத் தெரியும். பனிக்கட்டி கலந்த நீரில் கிடக்கும் வலைப்பைக்குள் இறக்கினாள். நேரத்தை மேலே ஆற்றில் எண்ணுகிறவர் தீர்மானிக்கிறார், விலையைத் தூரத்து ஊரில் யாரோ தீர்மானிக்கிறார்கள். இவள் கையில் இருப்பது இந்தக் கைவேலை மட்டும்தான். குளிரூட்டிய மீனுக்கு ஆலைகள் கொஞ்சம் ஊக்கத்தொகை தருவதும் சதை கெடாமல் இருப்பதற்காகத்தான்.

இந்த வேலையில் ஆபத்து மீனாகவே வரும். படகு நிறைந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது காற்று மாறினால் அலை உள்ளே புகும். தண்ணீர் நிரம்பிய ரப்பர்க் கால்சட்டையோடு அந்தக் குளிர்நீரில் விழுந்தவர் வெகுநேரம் நீந்த முடியாது.

ஆழமான இடத்தில் டெண்டர் காத்திருக்கும். ஆலைக்காக மீன் சேகரிக்கும் பெரிய கப்பல் அது. கிரேன் வலைப்பையைத் தூக்கும், தொங்கு தராசு எடை காட்டும், பை அடியில் அவிழ்ந்து குளிர்நீர்த் தொட்டியில் கொட்டும். கையில் ரசீது வரும். அதில் சீட்டு எண், பிடித்த பகுதி, எத்தனை பவுண்ட் எல்லாம் இருக்கும். கடைசி விலை மட்டும் பெரும்பாலும் இருக்காது. கத்தரிக்காய் விற்கிறவர்கூட விலை பேசித்தான் கூடையை இறக்குவார். இங்கே கொடுத்து முடித்த பிறகுதான் விலை தெரியவரும். 2023இல் ஜூலை நடுவில், பருவத்தின் உச்சம் கடந்த பின்னர் அறிவிப்பு வந்தது: பவுண்டுக்கு 50 சென்ட். முந்தைய ஆண்டு 1 டாலர் 15 சென்ட் அடிப்படை விலையாக இருந்தது. படகுகள் திரண்டு எதிர்ப்புக் காட்டின. விலை மாறவில்லை.

அதற்குள் நம் மீன் நாக்னெக் ஆலையில் தலை வேறு உடல் வேறாகியிருந்தது. மீன் வெட்டும் மேசையில் நின்றவர்களின் வரலாறு தனிக்கதை. முதலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட சீனர்கள் கத்தியால் வெட்டினார்கள். 1900களின் தொடக்கத்தில் அவர்களுடைய இடத்தைப் பிடித்த வெட்டும் இயந்திரத்துக்குச் சீனரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே பெயராக வார்த்து ஒட்டினார்கள். பிறகு ‘அலாஸ்கேரோ’ என்று அழைக்கப்பட்ட ஃபிலிப்பினோக்கள் வந்தார்கள். தனி விடுதி, தனிச் சாப்பாடு, குறைந்த கூலி. அவர்களுடைய சங்கத்தைச் சீர்திருத்த முயன்ற சில்மே டொமிங்கோவும் ஜீன் வியர்னஸும் 1981 ஜூனில் சியாட்டில் நகரத்துச் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றும் உச்ச நாட்களில் ஒரு ஷிப்ட் 16 மணி நேரம்.

வயிற்றிலிருந்த முட்டைப்பை உப்பிட்டு ஜப்பானுக்கு. சதை ஃபில்லெட்டாக வெட்டி உறைய வைக்கப்பட்டது. ஐந்து பவுண்ட் மீனில் தேறியது பாதிக்குச் சற்று மேல். ஆலைக்குக் கை ஒழியாத நாளில் வந்திருந்தால் டப்பாவுக்குப் போயிருக்கும். பச்சை மீனும் உப்பும் மட்டும் போட்டு மூடி, டப்பாவுக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பார்கள். முள் மெத்தென்று கரைந்துபோகும்.

ஏன் 50 சென்ட்? 2022இல் விரிகுடாவுக்கு 7.9 கோடி சாக்கை வந்து, 6 கோடி பிடிபட்டது. வரலாற்றில் இல்லாத பாடு. அதில் கணிசமான பங்கு குளிர்கிடங்குகளில் தேங்கி நின்றது. வட்டி ஏறியதால் சரக்கை வைத்திருக்கும் செலவு கூடியது. யென் இறங்கியதால் ஜப்பான் குறைவாக வாங்கியது. ரஷ்ய மீன் சந்தையை நிறைத்தது. இது புதிதும் இல்லை. ஜப்பான் போட்டிபோட்டு வாங்கிய 1988இல் பவுண்டுக்கு 2 டாலருக்கு மேல் கிடைத்தது. நார்வே, சிலி பண்ணை சால்மன் பெருகிய பிறகு 2001இல் அது 40 சென்ட் அளவுக்கு விழுந்தது. அலாஸ்கா தன் கரையில் மீன்பண்ணையை 1990இல் தடைசெய்தது. உலகச் சந்தையில் தடைசெய்ய முடியவில்லை.

கணக்குப் போட்டால், நம் மீனுக்குக் கிடைத்தது இரண்டரை டாலர். அதில் உதவியாளுக்குப் பத்து சதவீதம் என்றால் 25 சென்ட். மிச்சத்தில் பெட்ரோல், வலை, குத்தகை, விமானக் கட்டணம். அதே மீனின் ஃபில்லெட் அமெரிக்கக் கடையில் பவுண்ட் பத்து டாலருக்கு மேல் விற்பது சாதாரணம்.

விலைக்கு இல்லாத காவல் ஆற்றுக்கு இங்கே பலமாக இருக்கிறது. ஆய்வாளர் டேனியல் ஷிண்ட்லரும் சகாக்களும் 2010இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது இது: நூற்றுக்கணக்கான ஓடைகளில் தனித்தனிக் கூட்டங்களாக இருப்பதால்தான் ஒன்று நொடித்தாலும் மற்றொன்று ஈடுகட்டுகிறது; எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் தொழிலை மூடும் ஆண்டுகள் பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும். அதனால்தான் நஷகாக், க்விஜாக் தலைப்பகுதியில் திட்டமிட்ட பெபிள் செம்பு-தங்கச் சுரங்கத்துக்கு எதிராகப் பழங்குடிகளும் மீனவரும் ஆலைக்காரரும் ஒரே பக்கம் நின்றார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்குத் தடை விதித்தது.

ஆக, மீனுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. கணக்கு அதற்குப் பின்தங்கினால் வலை இறங்காது. பிடிப்பவருக்குக் குறைந்தபட்ச விலை என்று எதுவும் இல்லை. கம்பெனிக்குப் போகக்கூடாது என்று எழுதிய சீட்டு, விலை வீழ்ந்த ஆண்டுகளில் கடனுக்காக விற்கப்பட்டு வெளியூர்க்காரர் கைக்குப் போனது; விரிகுடாவின் சொந்த ஊர்க்காரரிடம் இன்று இருக்கும் சீட்டுகள் 1975இல் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைவு.

இதைத் தாண்ட சிலர் தங்கள் மீனில் ஒரு பகுதியைத் தாங்களே பதப்படுத்தி, உறையவைத்து, குளிர்காலத்தில் சொந்த ஊர்ச் சந்தைகளில் நேரடியாக விற்கிறார்கள். நம் மீன் அப்படிப்பட்ட ஒருத்தியின் பங்கில் விழுந்திருந்தால் பத்து மடங்காவது பணம் பார்த்திருக்கும். ஆனால் ஒரே ஏற்றத்தில் ஆயிரம் மீன் விழும்போது, மின்சாரமும் சாலையும் இல்லாத கரையில், எத்தனையைத்தான் அப்படிப் பிரித்தெடுக்க முடியும்? மிச்சத்தை டெண்டரில்தான் ஏற்றவேண்டும், பிறகு சொல்லப்போகும் விலைக்கு.